கேட்டில் அவிழ்த்த மஞ்சள் அரிசி

துவைக்க எடுத்த சேலையை உதறினேன், தரையில் அரிசி விழுந்தது. உன்னை வழியனுப்ப வந்தபோது கட்டியிருந்த வெள்ளைச் சேலைதான். ஒரு வாரமாக அதைத் தொட மனம் வராமல் நாற்காலியின் முதுகிலேயே போட்டு வைத்திருந்தேன். உன் வாய்க்கரிசி எப்படியோ கொசுவ மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு என் வீடு வரைக்கும் வந்திருக்கிறது. துணியை வாளியோடு விட்டுவிட்டு, குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ரப்பர் தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் அரிசிப் பாத்திரம் கைக்கு வரும் நேரத்தில் என் அம்மா நைசாக ஒதுங்கி நிற்பாள். நானும் அப்படியே பழகிவிட்டேன். அன்றைக்கும் ஒதுங்கித்தான் நின்றேன். உன் சின்ன மகள் வந்து கையைப் பிடித்தாள். "பெரியம்மா, நீங்களும் போடுங்க. அம்மாவுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா?" என்றாள். என்ன சொல்லி மறுப்பேன்? உன்னைச் சுற்றி வந்தேன். உன் வாயருகே கையைக் கொண்டுபோனேன். விரல் விரியவில்லை. "போடும்மா, பின்னால ஆளு நிக்குதுலா" என்று யாரோ முதுகில் தட்டிய பிறகுதான் போட்டேன்.

துக்கத்தில் கை மரத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். துக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் உன் குரல் என் காதில் கேட்டது. "நான் அரிசி திங்கிற புள்ளங்க." சின்ன வயதில் தோட்டத்துக் கேட்டில் நின்று நீ சொன்ன பொய். அந்தப் பொய்யைக் கடைசியில் என் கையாலேயே மெய்யாக்க வைத்துவிட்டாயே, பாவி.

செண்டாயான் போகிற வழியில் நம் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட காலம் அது. காட்டுப் பக்கம் தனித்தனியாக இருந்த வரிசை வீட்டு லயங்களைக் காலி செய்து, எல்லாரையும் ஆபீசுக்குக் கீழே ஒரே இடத்தில் கொண்டுவந்து அடைத்தார்கள். நாலு பக்கமும் கம்பி, ஒரே ஒரு கேட்டு. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிறவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு கூட எட்டிவிடக் கூடாது என்பது அரசாங்கத்தின் உத்தரவு. அதனால் அரிசி அளந்து கொடுத்தார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மத்தியானச் சோறு கொண்டுபோகக் கூடாது. பெண்கள் வெறும் வயிற்றோடு மரம் மரமாக நடந்து பால் வெட்டினார்கள். கேட்டில் எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க டவுனிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். கோணிப்பை தொங்கவிட்ட மறைப்புக்குப் பின்னால் அவள் நிற்பாள். நம் பெண்கள் அவளைத் திட்டாத நாள் இல்லை.

அந்தக் கம்பிக்குள் உட்கார்ந்துதான் நீயும் நானும் ஏழாம் வகுப்புச் சோதனைக்குப் படித்தோம். படித்தோம் என்று பெருமையாகச் சொல்கிறேன். படித்தது நீ, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். கணக்கு என்றாலே எனக்கு விளக்கெண்ணெய். நீ மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்கிக்கொண்டே எனக்கு வட்டிக் கணக்கு சொல்லித் தருவாய். புரியவில்லை என்றால், "உன் மண்டையில இருக்கிறது மூளையா, ஒட்டுப்பாலா?" என்று கேட்பாய். சோதனையில் தேறினால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போடலாம். நம் லயத்திலிருந்து ஒரு பெண் வாத்தியாராகப் போனால் எப்படி இருக்கும் என்று நீ அடிக்கடி சொல்லிப் பார்ப்பாய். ஒரு பெண் என்றுதான் சொல்வாய். உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு பேரு" என்று திருத்திக்கொள்வாய்.

சோதனைக்கு முந்தின நாள் உங்கள் அம்மா ஒரு காரியம் செய்தார். அளந்து வந்த அரிசியில் கொஞ்சம் எடுத்து, மஞ்சளில் புரட்டி, அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, துணியில் இரண்டு முடிச்சாகக் கட்டினார். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. "வேதக்காரப் புள்ளையா இருந்தா என்ன, எங்க மாரியாத்தா உன்ன மட்டும் பெயிலாக்கிடுவாளா?" என்று என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். காலையில் கேட்டுக்கு நடக்கும்போது நீ கையை நீட்டினாய். "உங்கம்மா பாத்தா ஏசும். குடு, நானே ரெண்டையும் வச்சிக்கிறேன். ரெண்டு பேருக்கும் சேத்து சாமி பாக்கட்டும்." முடிச்சு இரண்டையும் பாவாடை நாடாவில் சேர்த்துக் கட்டிக்கொண்டாய்.

இத்தனை வருடம் கழித்து இதை யாரிடமாவது சொன்னால், "கேட்டில் அரிசிக்குத்தானே சோதனை, அது கூடவா உங்களுக்குத் தோன்றவில்லை?" என்று கேட்பார்கள். தோன்றவே இல்லை. அதுதான் உண்மை. மஞ்சள் பட்டுவிட்டால் அது அரிசி இல்லை. அதை உலையில் போட மாட்டார்கள், கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உங்கள் அம்மாவுக்குத் திருநீறு எப்படியோ அப்படித்தான் அதுவும். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கேட்டைத் தாண்டக் கூடாது என்று யாராவது சொல்வார்களா? நம் மூன்று பேருக்கும் அதே புத்திதான்.

ஊரடங்கு விலகி, கேட்டைத் திறந்தார்கள். டவுனுக்குப் போகிற லாரி வெளியே நின்றது. மறைப்புக்குள் நான் முதலில் போனேன். என்னிடம் பென்சிலும் சிலுவையும் தவிர ஒன்றும் இல்லை. ஏறி உட்கார்ந்து உனக்கு இடம் பிடித்து வைத்தேன். பிறகு அந்தப் பெண் உன்னைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் உள்ளங்கையில் முடிச்சு இரண்டையும் அவிழ்த்து வைத்திருந்தாள். வெளிச்சத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

போலீஸ்காரர் வந்தார். "யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

சாமி அரிசி என்று சொல்ல நீ வாயைத் திறந்தாய். நான் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டாய். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மேல் லயத்து ஆள் ஒருவரைச் சோறு அனுப்பினார் என்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. அந்த ஒரு நொடியில் நீ எதையெல்லாம் யோசித்தாயோ எனக்குத் தெரியாது.

"யாரும் குடுக்கல. நான் அரிசி திங்கிற புள்ளங்க. வழியில திங்க நானே எடுத்தேன்" என்றாய்.

"மஞ்ச எதுக்கு?"

"புழு வராதுங்க."

நான் அறிய நீ ஒருநாளும் பச்சரிசியை மென்றதில்லை. நான்தான் தின்பேன். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று என்னைக் கேலி செய்கிறவள் நீ. அந்தச் சோதனைக்காரப் பெண்ணுக்குக் கூட மனம் கொஞ்சம் இளகிவிட்டது. "சின்னப் புள்ள சார், திங்கத்தான் எடுத்திருக்கும்" என்றாள். அவர் விடவில்லை. அவள் கையைப் பார்த்தார். "ஒருத்தி திங்க ரெண்டு முடிச்சு எதுக்கு?" என்று கேட்டார்.

நீ தரையையே பார்த்தாய். என் பக்கம் நீ திரும்பவும் இல்லை. நான் லாரியில் எழுந்து நின்று, "ஒண்ணு என்னுது! சார், ஒண்ணு என்னுது!" என்று கத்தினேன்.

அப்போதுதான் திரும்பினாய். "வாய மூடுடி! உக்காரு!" என்றாய். வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் நீ என்னை அப்படி அதட்டியதில்லை. "அது பொய் சொல்லுது சார். என்னோட கூட்டாளி, எனக்காகச் சொல்லுது. லாரிய அனுப்புங்க, அதுக்குச் சோதனைக்கு நேரமாவுது" என்றாய். அவர் டிரைவரைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் பலகையைத் தட்டித் தட்டிக் கத்தினேன், யாரும் நிறுத்தவில்லை. நீ கேட்டில் சின்னதாகிக்கொண்டே போனாய். அங்கே போய் நான் எப்படிச் சோதனை எழுதினேன் என்று கேட்காதே. நீ சொல்லிக்கொடுத்த வட்டிக் கணக்கு வந்திருந்தது, அதை அழுதுகொண்டே போட்டேன். தேறிவிட்டேன்.

தோட்டத்துரை ஏதோ சொல்லி, சின்னப் பெண் என்று எச்சரித்து உன்னை விட்டார்கள். நீ திரும்பி வந்தபோது உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததை நம் லயமே பார்த்தது. "சாமின்னு நெனச்சித்தானே குடுத்தேன், சாமின்னு நெனச்சித்தானே குடுத்தேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவலம்மா. அடுத்த வருசம் எழுதிட்டுப் போறேன்" என்றாய். எழுதினாய். அந்த வட்டாரத்திலேயே முதலாவதாக வந்தாய். அதோடு அந்தக் காலையின் கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். சனியன் ஒருமுறை காலைச் சுற்றினால் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

மனுப் போடுகிற வயது வந்ததும் இருவரும் ஒன்றாகக் கல்லூரிக்கு மனுப் போட்டோம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிதான் ஆபீசில் உட்கார வைத்து எழுதிக் கொடுத்தார்; மனு இங்கிலீசில் இருந்தது. முன்பு ஏதாவது சோதனையை எழுதாமலோ தேறாமலோ போயிருந்தால் காரணம் கூறவும் என்று அதில் ஒரு கேள்வி. கிராணி அதைத் தமிழில் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர். அன்றைக்கு நடந்தது அவருக்கும் தெரியும்.

"காய்ச்சல்னு போட்டுடலாம். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கிட்ட நான் சொல்றேன், எழுதிக் குடுப்பாரு" என்றார்.

நீ தலையாட்டி மறுத்தாய். "காய்ச்சல்னு போட்டா விசாரிப்பாங்க சார். அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு போலீசுக்குத் தெரியும். விசாரிச்சா அரிசி வெளியே வரும். அரிசி வந்தா அம்மா வரும். நான் படிக்கலன்னு எழுதுங்க."

"நீயா? நீ படிக்கலன்னா இந்தத் தோட்டத்துல வேற யாரு புள்ள படிச்சா?"

"எழுதுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். "அம்மா பேரு வராம வேற எதையாவது சொல்லுடி" என்று உன் காதில் கெஞ்சினேன். "வேற எதச் சொன்னாலும் சுத்திச் சுத்தி அம்மாகிட்டதான் வந்து நிக்கும்" என்றாய். அந்த ஆண்டு இவள் சரியாகப் படிக்கவில்லை என்று கிராணி எழுதி முடித்தார். நீ உன் பெயரைக் கையெழுத்திட்டாய், வழக்கம்போல முத்து முத்தாக.

நேர்காணலில் உன்னிடம் அதையே கேட்டிருக்கிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நீ நடித்துக் காட்டினாய், மூக்கின் மேல் விரலை வைத்து அந்தப் பெரியவர் குரலிலேயே: "படிக்கச் சோம்பப்படுற பொண்ணு, புள்ளைங்களுக்கு என்னம்மா சொல்லிக் குடுக்கும்?" நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பஸ் தெமியாங்கைத் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

எனக்கு இடம் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. என் கடிதத்தைப் பிடுங்கி லயத்து வாசல் வாசலாகப் போய்ச் சத்தம் போட்டுப் படித்தவள் நீதான். "நம்ம லயத்துல டீச்சர் வந்தாச்சு!" நான் போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன். நீ என்னைத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "நீயும் போகாட்டி ரெண்டு முடிச்சும் வீணாப் போவும்" என்றாய். பெட்டியைக் கட்டினேன். நான் கல்லூரிக்குக் கிளம்பிய காலையில் நீ பால்வாளியோடு பெரட்டில், பேர் கூப்பிடும் வரிசையில் நின்றாய். கையை ஆட்டினாய்.

உன் கல்யாணத்தில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மாலையும் கழுத்துமாக என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, அரிசி தின்னவ கல்யாணம்" என்றாயே. உனக்கு அதில் கூடச் சிரிக்க முடிந்தது. எனக்கு முடியவில்லை, ஏனென்றால் நான் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அட்சதையை அள்ளித் தூவியபோது அவர் தட்டைத் தொடவில்லை. வெறுங்கையைத் தூக்கி உன்னை ஆசீர்வதித்தார்.

கடைசி வரைக்கும் அவர் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார், இல்லையா? "அந்த அரிசியாலதானே புள்ள உனக்குக் காலேஜு போச்சு?" நீயும் சலிக்காமல் ஒரே பதிலைச் சொல்வாய். "அது வேறம்மா. சோதனைதான் மறுவருசமே பாஸ் பண்ணிட்டேன்ல. நேர்காணல்ல எனக்குப் பதில் சொல்ல வரல, அவ்வளவுதான்." அவர் நம்பினாரோ இல்லையோ, நிம்மதியாகக் கண்ணை மூடினார். நீ பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாய். அம்பாங்கானில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், நான் திருத்த வைத்திருக்கும் பிள்ளைகளின் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டுவாய். நான் பார்க்காமல் விட்ட தப்பைக் காட்டி, "டீச்சரம்மா, மண்டையில இன்னமும் ஒட்டுப்பால்தான்" என்பாய். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவேன். அந்த டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நீதான். எனக்கு அது ஒருநாளும் மறந்ததில்லை.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இன்று சாயங்காலம் உன் சின்ன மகள் வந்தாள். சேலை வாளியிலேயே கிடந்தது, பொறுக்கிய அரிசி என் மேசை மேல் இருந்தது. கல்லூரிக்கு மனுப் போடுகிறாளாம், பிழை பார்த்துத் தரச் சொன்னாள். போன தடவை ஏன் தேறவில்லை என்று அதிலும் ஒரு கேள்வி. உனக்கு உடம்புக்கு ஆகாமல் படுத்த வருடம் அது. இராப்பகலாக உன் பக்கத்தில் இருந்து உன்னைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, புத்தகத்தைத் தொடக்கூட நேரமில்லாமல் போய்ச் சோதனை எழுதியவள் அவள். என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? "அந்த ஆண்டு நான் சரியாகப் படிக்கவில்லை."

அதே கையெழுத்து. முத்து முத்தாக.

"அம்மாவுக்கு முடியாம இருந்துச்சுன்னு ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"அம்மா மேல பழி போடுற மாதிரி இருக்கு பெரியம்மா. அம்மாவாலதான் நான் பெயிலாயிட்டேன்னு எழுதுறதா? செத்துப் போனவங்க மேல? மனசு வரலலா" என்றாள்.

எனக்கு வந்த அழுகையைப் பார்த்து அவள் பயந்தே போய்விட்டாள். நீ பெற்றவள் உன்னைப் போலத்தானே இருப்பாள், இதில் அதிசயம் என்ன? ஆனால் இன்னொரு முறை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெம்பு இல்லை. உட்கார வைத்து, நீ கேட்டில் பிடிபட்டதையும் மனுவில் எழுதச் சொன்னதையும் சொன்னேன். நீ அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லையாமே. அம்மாவுக்குப் படிப்பில் ஆசை இல்லை, அதனால் பால்வெட்டுக்குப் போனாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாளாம். கேட்டு முடித்து மனுவைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, "என் அம்மா நோயில் இருந்தார். நான் அவர் அருகில் இருந்து பார்த்துக்கொண்டேன்" என்று எழுதினாள். அதில் யார் மேலும் பழி இல்லை. உனக்காக அப்படி ஒரு வரியை எழுத அன்றைக்கு வழி இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அவள் மேசை மேல் கிடந்த அரிசியைப் பார்த்தபடி கேட்டாள், வேறு எதையும் மனதில் வைத்துக்கொண்டு அல்ல, புரியாமல்தான். "ஆனா அம்மா ஏன் பெரியம்மா ரெண்டு முடிச்சு வச்சிருந்தாங்க?"

"ஒண்ணு என்னுது" என்றேன்.

வாய மூடுடி என்று அதட்ட நீ இல்லை.